லெவலை ஊருக்குக் கொடுங்கள்

ரோல்-ப்ளேயிங் கேமுக்குச் சொந்தமாக விதி எழுத உட்காருகிறவர்கள் முதலில் கைவைப்பது சண்டையில்தான். வாளுக்கு எத்தனை, வில்லுக்கு எத்தனை, தோல் கவசம் போட்டால் எவ்வளவு குறையும் என்று பக்கம் பக்கமாகப் போகும். கதாபாத்திரம் எப்படி வளர்கிறது என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டு முடித்துவிடுவார்கள். எங்கள் ஆட்டத்தை உடைத்தது அந்தக் கடைசிப் பக்கம். சண்டை விதியை ஆறு முறை மாற்றினாலும் ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வளர்ச்சி விதி ஒருமுறை தப்பானால் ஆளே வரமாட்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிச் செயல்படுவார்கள், நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைத்த வகை இது. தாயம், சதுரங்கம்போல ஒரே உட்காரலில் முடியாது. அதே ஆள் மாதக்கணக்கில் தொடர்வான். அப்படித் தொடர்கிறவன் போகப்போகத் திறமைசாலியாக வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளி, லெவல் எல்லாம்.

நாங்கள் ஆடுவது ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில். புதிதாக வருகிறவருக்கு ராஜாஜி பிறந்த வீட்டை அடையாளம் சொன்னால் போதும், அங்கிருந்து வந்து அழைத்துக்கொள்வோம். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் சிப்காட் ஆட்கள். பெயிண்ட் ஷாப்பில் ஒருவர், டூல் ரூமில் ஒருவர், அசெம்ப்ளி லைனில் இருவர், ரோஜாப் பண்ணையில் பேக்கிங் பார்க்கிறவர் ஒருவர், அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போய்வரும் ஐ.டி. நண்பர் ஒருவர். வீட்டில் பேசுவது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. ஆட்டம் தமிழில்.

கதைக்களமும் எங்கள் மண்தான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ராயக்கோட்டை மலையடிவாரத்தில் மாட்டை நம்பி வாழும் ஒரு சிற்றூர். ராத்திரியில் மாட்டை ஓட்டிப்போக வருவார்கள், விடிவதற்குள் போய் மீட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வெட்சி, கரந்தை என்று படித்தது அப்படியே ஆட்டமாக ஆனது. பெட்டிக்கடையில் கிடைக்கும் ஆறு முகப் பகடை இரண்டு. அவற்றை உருட்டி, விழுந்த எண்ணோடு லெவலைக் கூட்டி, நான் சொல்லும் இலக்கைத் தொட்டால் வெற்றி. இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை, இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் புள்ளியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட வந்தவருக்கு ஐந்து புள்ளி, வராதவருக்குக் கிடையாது, பத்து சேர்ந்தால் ஒரு லெவல். இந்த யோசனையைச் சொன்னவர் ஐ.டி. நண்பர். ஆங்கிலப் புத்தகங்களை வைத்துப் பல வருடம் ஆடியவர் என்பதால் அவர் சொல்லுக்கு மேசையில் மதிப்பு அதிகம். "உழைக்கிறவனுக்குத்தான் கூலி" என்றார். கேட்க நியாயமாக இருந்தது, ஒருவரும் மறுக்கவில்லை.

அசெம்ப்ளி லைன் இருவரில் ஒருவருக்கு வீக் ஆஃப் மாறி மாறி வரும். ஞாயிறு கிடைப்பது மாதத்துக்கு ஒன்று. கிடைத்தாலும் முந்தின ராத்திரி சி ஷிப்டாக இருக்கும். காலை ஆறு மணிக்கு விட்டு, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, தூங்காமல் நேராக வந்து உட்காருவார். எங்கள் மேசையிலேயே கதை சொல்லத் தெரிந்தவர் அவர்தான். அவருடைய ஆள் ஒரு வில்லாளி, வேவு பார்க்கிறவன். மற்றவர்கள் "வெட்டுறேன்" என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில், எந்தப் புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறேன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மாட்டு மணிக்குள் இலையைத் திணித்துச் சத்தத்தை எப்படி அடக்கினேன் என்று சொல்லுவார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்போம்.

மழைக்காலம் தொடங்கியபோது மற்றவர்கள் ஆறாம் லெவலில் இருந்தார்கள். அவர் இரண்டில்.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் கொடுமை புரியும். இலக்கு 12 என்று வையுங்கள். ஆறாம் லெவல் ஆளுக்குப் பகடையில் 6 விழுந்தால் போதும். இரண்டு பகடை மொத்தம் 36 விதமாக விழலாம், அதில் 26 அவருக்குச் சாதகம். இரண்டாம் லெவல் ஆளுக்கு 10 விழ வேண்டும், அவருக்கு 36-இல் 6தான். கொடுமை அதோடு நிற்காது. நாலு பேர் ஆறாம் லெவலில் இருக்கும் மேசையில் 12 என்ற இலக்கு சப்பென்று ஆகிவிடும். ஆட்டத்தில் பதற்றம் வேண்டுமென்றால் கதை நடத்துகிறவர் 14 ஆக்கித்தான் தீர வேண்டும். ஆக்கினால் ஆறாம் லெவலுக்கு 36-இல் 15. இரண்டாம் லெவலுக்கு ஆறும் ஆறும் சேர்ந்தே விழ வேண்டும், 36-இல் ஒன்று. முன்னே போனவர்களுக்காக வைத்த கஷ்டம் பின்னே இருப்பவன் தலையில் இறங்குகிறது. எந்த விதிப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த ஒரு கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஞாயிறு அப்படித்தான் நடந்தது. எதிரியின் மாட்டுப் பட்டிக்குள் நுழைகிற இடம். வில்லாளி வேலி ஓரமாக ஊர்ந்து போவதை அவர் அழகாகச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினார். ஐந்தும் நாலும், ஒன்பது. நல்ல உருட்டு. லெவல் இரண்டைக் கூட்டினால் 11. தோல்வி. அடுத்து ஐ.டி. நண்பர், "நானும் போறேன்" என்ற ஒற்றை வரியோடு உருட்டினார். ஆறும் இரண்டும், எட்டு. ஆறைக் கூட்டினால் 14. வெற்றி. அதிகம் விழுந்தவர் வெளியே நிற்கிறார், குறைவாக விழுந்தவர் உள்ளே போகிறார். அதுவும் வேவு பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கதாபாத்திரம் வெளியே.

"பரவால்ல ணா, நீங்க போங்க. நான் வெளிய மாட்டப் பாத்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறு ஓய்வு கிடைத்தும் அவர் வரவில்லை. கேட்டால், "டயர்டா இருந்துச்சு ணா" என்பார். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசலாம். இப்படி மரியாதையாக ஒதுங்கினால் என்ன செய்வது? அவரோடு ஒரே ரூமில் இருந்த இன்னொரு அசெம்ப்ளி லைன் தம்பியும் நின்றார். ரோஜாப் பண்ணைக்காரருக்குக் காதலர் தின சீசன் வந்தது. ஏற்றுமதி ஆர்டரை விட்டுவிட்டு யாரும் ஆட வரமாட்டார்கள், அவரும் புள்ளியில் பின்தங்கி ஆர்வம் விட்டார். உழைப்புக்குத்தான் கூலி என்று சொன்ன ஐ.டி. நண்பரும் சில வாரத்தில் பெங்களூர்க் குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டார். ஆட்டம் நின்றது.

"வராமலே லெவல் கொடுத்தால் அது இலவசம்" என்று அவர் சொன்னது இன்னமும் எனக்கு ஆறவில்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்றவன் ஞாயிற்றுக்கிழமை வராததற்குக் காரணம் சோம்பல் கிடையாது, ரோஸ்டர். கம்பெனியில் அட்டெண்டன்ஸ் போனஸ் என்று ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு ஒருநாள் லீவு போட்டாலும் அந்த மாதத்துப் பணம் போய்விடும். அதே சட்டத்தை விளையாட்டிலும் கொண்டுவந்து வைத்தால் எவன் வருவான்? சனி, ஞாயிறு நிச்சயமாக லீவு உள்ளவர்கள் எழுதிய விதி, லீவு நிச்சயமில்லாதவர்களுக்குப் பொருந்தாது. உங்கள் மேசையிலும் ஒருவராவது சி ஷிப்டில் இருப்பார். அவரை மனதில் வைத்து எழுதுங்கள்.

இதில் இன்னொரு வருத்தம் உண்டு. ஐ.டி. நண்பர் கையில் வைத்திருந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதில் இரண்டாம் லெவலுக்கு 300 எக்ஸ்பி என்று தொடங்கி இருபதாம் லெவலுக்கு 3,55,000 வரை அட்டவணை இருக்கிறது. அதே பதிப்பில், எக்ஸ்பி கணக்கே இல்லாமல் கதை ஒரு கட்டத்தைத் தாண்டும்போது எல்லோருக்கும் சேர்த்து லெவல் கொடுக்கவும் வழி சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அந்தப் பக்கத்தை நான் பார்த்தது ஆட்டம் நின்ற பிறகு.

ஆட்டம் நின்றிருந்த காலத்தில் மற்ற ஆட்டங்களின் விதிகளைத் தேடித் தேடிப் படித்தேன். விதி எதற்குப் புள்ளி தருகிறதோ அதைத்தான் ஆட்டக்காரர் செய்வார். ஆரம்பகால டி அண்ட் டி-யில் மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு எக்ஸ்பி. பூதத்தைக் கொல்வதைவிட அதன் புதையலைச் சத்தமில்லாமல் எடுத்துவருவதில் லாபம் அதிகம். அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் தந்திரக்காரர்களாக இருந்தார்கள். எங்கள் முதல் விதியில் கொன்ற எதிரிக்கும் கூடுதல் புள்ளி இருந்தது. விளைவு, மாட்டை மீட்கப் போனவர்கள் மாட்டை மறந்துவிட்டு ஆளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது உயிரோடு வீடு திரும்பும் மாட்டுக்குத்தான் புள்ளி. கன்றோடு திரும்பினால் இரட்டிப்பு. அந்த ஒரு வரியை மாற்றியதும் ஆட்டமே வேறாகிவிட்டது. நாயை எப்படி அடக்குவது, ஆற்றை எந்த இடத்தில் கடந்தால் மாடு மிரளாது என்று பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்தது பகடைக்கும் லெவலுக்கும் உள்ள பொருத்தம். இருபது முகப் பகடையில் ஒரு எண் கூடினால் வாய்ப்பு எப்போதும் இருபதில் ஒன்றுதான் ஏறும். இரண்டு ஆறு முகப் பகடையில் அப்படி இல்லை. 8 வேண்டிய இடத்தில் 7 போதும் என்றால் 36-இல் 15 என்பது 21 ஆகிவிடும். அங்கிருந்த அட்டவணையை இங்கே தூக்கிவந்து ஒட்டக் கூடாது. இரண்டு பகடை ஆட்டத்துக்கு மொத்தம் ஐந்து லெவல் தாராளம்.

சரி, லெவலை யாருக்குக் கொடுப்பது? 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிகா ஆட்டத்தில் மந்திரவாதிகள் கூடி வாழும் இடத்துக்கே தனி விதிகள் உண்டு, அந்த இடமும் வளரும், தேயும். 2017-இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட பிளேட்ஸ் இன் தி டார்க்கில் திருட்டுக் கும்பலுக்கென்றே ஒரு தாள், அந்தக் கும்பலுக்கென்றே எக்ஸ்பி. இதைப் படித்ததும் எங்களுக்கு வழி தெரிந்தது. எங்கள் கதையில் அந்தப் பொது உயிர் ஊர். இப்போது புள்ளி எல்லாம் ஊர்த் தாளில் ஏறும். ஊர் மூன்றாம் லெவல் என்றால் மேசையில் உட்காரும் எல்லோரும் மூன்றாம் லெவல். ஆறு மாதம் கழித்து வந்தாலும் மூன்றாம் லெவல். முதல்முறை வருகிறவரும் அதேதான்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள். அதற்கு 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் பதில் வைத்திருக்கிறது. அதில் லெவலே கிடையாது. பயன்படுத்திய திறமைக்கு நேரே ஒரு குறி போடுவார்கள், பிறகு பகடை உருட்டி இப்போதுள்ள அளவைத் தாண்டினால் அந்தத் திறமை வளரும். ஏற்கெனவே கெட்டிக்காரன் என்றால் தாண்டுவது கஷ்டம், கற்றுக்குட்டிக்குச் சுலபம். பின்தங்கியவன் தானாகவே எட்டிப்பிடிக்கிற ஏற்பாடு அது. நாங்கள் அதிலிருந்து குறி போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். தோற்ற உருட்டுக்குத்தான் குறி, இது 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்டு தந்த யோசனை. மூன்று குறி சேர்ந்தால் ஒரு பழக்கம். பழக்கம் என்பது கூட்டல் எண் அல்ல, மற்றவர் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய உரிமை. "இருட்டில் மாட்டின் காலடியைத் தொட்டே அடையாளம் சொல்வான்" என்பது ஒரு பழக்கம். எண்ணால் மேசையில் மேடு பள்ளம் வரும், இதனால் வராது.

வர முடியாதவர் கம்பெனி பஸ்ஸில் போகும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினால் போதும். அந்த வாரம் தன் ஆள் எங்கே போனான், யாரைப் பார்த்தான் என்று அரை நிமிடம் பேசட்டும். அதில் வரும் ஓர் ஆளோ இடமோ ஊர்த் தாளில் ஏறும். ஒருவர் "உப்பு வாங்கச் சந்தைக்குப் போனேன், அங்க ஒரு குதிரைக்காரன் கடன் கேட்டான்" என்று அனுப்பினார். அந்தக் குதிரைக்காரன்தான் இப்போது எங்கள் கதையின் பெரிய தலைவலி.

நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சாவுக்கு எழுதிய விதியைத்தான். பெரும்பாலான ஆட்டங்களில் ஆள் செத்தால் சேர்த்த லெவல் மண்ணோடு போகும், புதுத் தாள் எடுக்க வேண்டும். 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு எழுதிய பென்டிராகன் இதில் விதிவிலக்கு. அதில் அப்பாவின் புகழில் பத்தில் ஒரு பங்கு வாரிசுக்கு வரும். அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் பார்த்த நடுகற்கள். எங்கள் மாவட்டம் நடுகல்லுக்குப் பேர்போனது. ஹொய்சள மன்னன் இராமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் தலைநகராக வைத்திருந்த குந்தாணிப் பக்கமும் உண்டு, வயல் வரப்பிலும் உண்டு. கன்னட எல்லை ஆனதால் அடுக்கு அடுக்காகச் செதுக்கிய கல்லும் இங்கே பழக்கம். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் இருபுறமும் தாங்கி அவனை மேலே தூக்கிப்போகிறார்கள். மேல் அடுக்கில் சிவலிங்கத்தின் முன் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு சாதாரண ஆள் மூன்று படி ஏறிவிட்டான். அந்தக் கல்லை நட்டது ஊர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கே மகேந்திரவர்மன் காலத்தில் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கல் நடுவதற்கான படிகளைத் தொல்காப்பியம் ஆறாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்களும் பெரும்பாலும் இந்த வரிசைதான். ஆறு படியையும் அப்படியே விதியாக்கினோம். ஆட்டத்தில் ஒருவருடைய ஆள் செத்தால், மற்றவர்கள் தகுந்த கல்லைத் தேட வேண்டும், கொண்டுவர வேண்டும், ஆற்றில் நீராட்ட வேண்டும், நட வேண்டும், ஊர் மந்தையிலிருந்து மாடு கொடுத்துப் படையல் போட வேண்டும், கடைசியில் அவனைப் பற்றி ஆளுக்கொரு வரி பேச வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காட்சி, ஒரு செலவு. ஆறும் முடிந்தால் ஊர் ஒரு லெவல் ஏறும். அந்தக் கல் தெரியும் தூரத்தில் சண்டை போடுகிறவர் மூன்று பகடை உருட்டி நல்ல இரண்டை எடுத்துக்கொள்ளலாம். செத்த ஆளை ஆடியவரே அந்த ஆறு காட்சியையும் நடத்துவார், நான் ஒதுங்கிக்கொள்வேன்.

இதைக் கேட்ட ஒருவர், "சாவை ஆசைப்பட வைக்கிறீர்கள், எல்லோரும் சாகப் போவார்கள்" என்றார். ஆடிப் பார்க்காமல் சொன்ன பேச்சு. படையலுக்கு மாடு கொடுக்க வேண்டும் என்பதே போதுமான கடிவாளம். மந்தையில் மாடு குறைந்தால் ஊரின் புள்ளி குறையும். ஒருவர் செத்தால் மற்றவர்கள் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறார்கள், இப்போது கல் நட முடியுமா, அறுவடை வரை தள்ளலாமா என்று. வீம்புக்குச் செத்தவனுக்குக் கல் நட ஊர் மறுக்கலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொருவர், நம்மிடம் பரமபதம் இருக்கும்போது ஏன் வெளிநாட்டு விதி என்று கேட்டார். பரமபதத்தில் ஏணியும் பாம்பும் பகடை விழுந்தபடி வரும், ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க அது நல்ல துணை. என்ன செய்தால் வளர்வேன் என்று ஆட்டக்காரர் யோசிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அது பொருந்தாது.

பழைய ஆட்களில் பெயிண்ட் ஷாப்காரரும் டூல் ரூம் அண்ணனும் முதலில் திரும்பினார்கள். ரோஜாப் பண்ணைக்காரர் சீசன் முடிந்ததும் வந்தார், ஊர் இருந்த லெவலிலேயே உட்கார்ந்தார், யாரும் முணுமுணுக்கவில்லை. வில்லாளிக்காரர் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார். அவருடைய ஆளை யாருக்கும் கொடுக்கவில்லை, சாகடிக்கவும் இல்லை. வேவுக்குப் போயிருக்கிறான் என்று ஊர்த் தாளில் எழுதியிருக்கிறது.

தமிழில் விதி எழுதப் போகிறவர்கள் எங்கள் விதியை எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் மாடு இல்லாவிட்டால் வலை வையுங்கள், உப்பளம் வையுங்கள், தேயிலை வையுங்கள். இருபது லெவலுக்கு அட்டவணை போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் உட்காராதீர்கள். முதல் இரண்டு லெவலுக்கு மட்டும் எழுதிக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆடுங்கள். ஆடி முடித்ததும், அன்றைக்கு மிகக் குறைவாகப் பேசியவர் யாரோ அவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். மூன்றாம் லெவல் எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் பதிலில் இருக்கும்.